குடும்ப வன்முறை: வன்னியில் உதவிகளை ஒரு கையில் சேர்ப்பது எப்படி

இதை அடி வாங்குகிற பெண்ணுக்காக மட்டும் எழுதவில்லை, அவள் முதன்முதலில் வாய் திறந்து சொல்கிற ஆளுக்காகவும்தான் எழுதுகிறேன். அது பக்கத்து வளவு அக்காவாக இருக்கலாம், மாதர் சங்கத் தலைவியாக இருக்கலாம், முன்பள்ளி ரீச்சராக, கிளினிக்கில் பிள்ளைக்கு நிறை பார்க்கிற குடும்பநல உத்தியோகத்தராக, ஏன், கனடாவிலிருந்து போனில் கேட்கிற தம்பியாகக்கூட இருக்கலாம். 2019 இல் இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருத்தி, சரியாகச் சொன்னால் 20.4 சதவீதம், அந்தத் துணையிடமே உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே இன்றில்லாவிட்டாலும் ஒரு நாள் உங்களிடம் யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

வன்னியில் உதவியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவு இருக்கிறது, மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆட்கள் இருக்கிறார்கள், பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் என்று ஒரு வரிசையே இருக்கிறது, சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் எல்லாம் வேறு வேறு இடத்தில், வேறு வேறு ஃபைலில். விசுவமடுவில் இருக்கிற ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கிட்டிய பட்டணம் கிளிநொச்சி, அவளுடைய பிரதேச செயலகம் புதுக்குடியிருப்பில், அவளுடைய மாவட்டம் முல்லைத்தீவு. கையில் ஒரு குழந்தை, இடுப்பில் நோவு, பஸ்ஸுக்குக் காசு கணக்காகத்தான் இருக்கும், போகிற ஒவ்வொரு நாளும் கூலிவேலைக் காசும் போய்விடும். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும், அதுவும் தன் புருஷன் தன்னை என்ன செய்தான் என்ற கதையை. மூன்றாவது இடத்தில் "நாளைக்கு வாங்கோ, மிஸ் இண்டைக்கு லீவு" என்று கேட்டால் அவள் வீட்டுக்குத்தான் திரும்புவாள். பிறகு எல்லோரும் "அவள்தான் மனம் மாறிப் போய்விட்டாள்" என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியின் முக்கியமான வேலை ஒன்றுதான். யாரோ ஒருவர் நூலின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவர் யார், அவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அவசரமானவை.

சொன்ன உடனே

நியாயம் கேட்க வேண்டாம். ஏன் அடிச்சவர், நீ என்ன சொன்னனீ, இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை, இந்த மூன்று கேள்வியும் அவள் வாயை மூடப் பண்ணும். "தங்கச்சி, இதில உன்ர பிழை ஒண்டும் இல்லை. இப்ப வீட்ட போறதுக்குப் பயமா இருக்கோ?" என்று கேட்டால் போதும். இந்த ஒரு கேள்விக்கு அவள் சொல்கிற பதிலில்தான் அடுத்து ஓட வேண்டுமா, உட்கார்ந்து கதைக்கலாமா என்பது தெரியும்.

சில விஷயங்களைக் கட்டாயம் கேளுங்கள். கழுத்தை நெரித்தானா? கத்தி, கோடாலி, மண்ணெண்ணெய் என்று எதையாவது எடுத்து வெருட்டினானா? "உன்னையும் பிள்ளைகளையும் கொன்று போட்டு நானும் சாவேன்" என்று சொன்னானா? அவள் கர்ப்பமாக இருக்கிறாளா? பிரிந்து போகப் போகிறேன் என்று சொன்ன பிறகு அடி கூடியதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் அதைச் சாதாரணக் குடும்பச் சண்டையாக எடுக்கவே கூடாது. கழுத்தை நெரித்திருந்தால், வெளியில் ஒரு அடையாளமும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். உள்ளே வீக்கம் வந்து மணிக்கணக்கு கழித்தும் மூச்சுத் திணறத் தொடங்கலாம். குரல் கம்மினாலோ விழுங்க நோவாக இருந்தாலோ இன்னும் அவசரம்.

பொலிஸ் அவசரத்துக்கு 119. அம்புலன்ஸுக்கு 1990, காசில்லை. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் 1929. இவற்றை அவளுடைய போனில் "பெண்கள் உதவி" என்று சேமித்து வைக்காதீர்கள். அவன் போனைப் பார்க்கிற ஆளென்றால் அழைத்த இலக்கத்தையும் அழித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்களுடைய போனிலிருந்தே எடுத்துக் கொடுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வயல் வீடுகளில் புல்லுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் கோடிப்புறத்திலோ குசினித் தாவாரத்திலோ இருக்கும். அவள் "இருந்து என்னத்துக்கு" என்ற மாதிரிக் கதைத்தால், அதை ஆற்றாமையில் வந்த சொல் என்று விட்டுவிடாமல், சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மருந்துப் போத்தலை அன்றைக்கே அந்த வீட்டிலிருந்து அகற்றுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கமும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில்

நிறையப் பேர் முதலில் பொலிஸுக்குப் போக வேண்டும், பிறகுதான் ஆஸ்பத்திரி என்று நினைக்கிறார்கள். காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிதான். வாட்டில் மறித்தால் ஆஸ்பத்திரியில் இருக்கிற பொலிஸ் காவலிடத்துக்கு அவர்களே அறிவிப்பார்கள். அவள் டொக்டரிடம் "கிணத்தடியில விழுந்திட்டன்" என்று சொல்லாமல், யார் அடித்தது, எதனால் அடித்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் நோயாளர் டிக்கெட்டில் எழுதப்படுகிற ஒரு வரிதான் மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேசும். சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்போது பழைய தழும்புகளையும் காட்டச் சொல்லுங்கள். வெட்கத்தில் பலர் முகத்தில் உள்ளதை மட்டும் காட்டிவிட்டு முதுகையும் தொடையையும் மறைத்துக்கொண்டு வருகிறார்கள். பெண் வைத்தியர் வேண்டும், அல்லது பக்கத்தில் ஒரு பெண் நிற்க வேண்டும் என்று கேட்கலாம்.

பாலியல் வன்முறை நடந்திருந்தால், கட்டின புருஷனாகவே இருந்தாலும், 72 மணித்தியாலத்துக்குள் போவது முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கிற மருந்து அந்த நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன், கருத்தடை மாத்திரையும் எவ்வளவு வேளைக்கோ அவ்வளவு நல்லது. குளிக்காமல், உடுப்பைத் தோய்க்காமல் போக முடிந்தால் போகட்டும், உடுப்பைக் கடதாசிப் பையில் போடுங்கள், பொலித்தீனில் வேண்டாம். குளித்துவிட்டாள் என்றாலும் பரவாயில்லை, போக வேண்டும்.

அரச ஆஸ்பத்திரிகளில் சுகாதார அமைச்சு நடத்துகிற மித்துரு பியச, தமிழில் நட்பு நிலையம், என்ற இடம் இதற்கென்றே இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவிலோ வாட்டிலோ தாதியிடம் "நட்பு நிலையத்துக்கு அனுப்புங்கோ" என்று கேளுங்கள். அங்கே தனி அறையில் கதைக்கலாம், அங்கிருந்தே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கோ பாதுகாப்பு இல்லத்துக்கோ தொடர்புபடுத்துவார்கள். ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறாள் என்று வீட்டில் சந்தேகம் வராது, அதனால் வெளிப்படையாக எங்கும் போக முடியாத பெண்ணுக்கு இதுதான் பெரும்பாலும் முதல் கதவு. பிள்ளையின் தடுப்பூசி நாளும் அப்படித்தான், குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியாக இரண்டு நிமிடம் கதைக்கக் கிடைக்கும்.

பொலிஸில்

தனியாக அனுப்பாதீர்கள். பெண்கள் சிறுவர் பிரிவில் பெண் உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. சிங்களத்தில் எழுதிவிட்டு ஒப்பம் வைக்கச் சொன்னால், வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்திய பிறகுதான் வைக்க வேண்டும், விளங்காததில் ஒப்பம் வைக்கவே வேண்டாம். வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதியவரின் பெயர் மூன்றையும் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். இந்தத் துண்டு இல்லாமல் அடுத்த தடவை போனால் "எந்த முறைப்பாடு?" என்பார்கள்.

இனி நடக்கப் போவதையும் சொல்லி வைக்கிறேன். அநேகமாக அவனையும் கூப்பிடுவார்கள், இரண்டு பேரையும் ஒரே வாங்கில் இருத்துவார்கள், "பிள்ளையளின்ர முகத்தைப் பாருங்கோ" என்று புத்தி சொல்வார்கள், இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி அனுப்புவார்கள். எழுதி வாங்கியவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். ஆனால் அந்தத் தாளுக்கு நீதிமன்றக் கட்டளையின் பலம் கிடையாது. அவன் அன்றிரவே குடித்துவிட்டு வந்து "என்னைப் பொலிஸில ஏத்தினனீ" என்று கேட்டால் அவளிடம் காட்ட ஒன்றும் இருக்காது. கோயில் நிர்வாகமோ பாதரோ ஊர்ப் பெரியவர்களோ செய்து வைக்கிற சமாதானமும் இப்படித்தான். அவள் சமாதானமாகப் போகத்தான் விரும்புகிறாள் என்றால் அது அவள் முடிவு, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் நீதிமன்றம் தருகிற பாதுகாப்பு உத்தரவு என்று ஒன்று இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அந்த முடிவை எடுக்கட்டும்.

பாதுகாப்பு உத்தரவு

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். இதன்படி நீதவான் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். அவளே கொடுக்கலாம், அவளுக்காகப் பொலிஸும் கொடுக்கலாம், பிள்ளைக்காகப் பெற்றார் பாதுகாவலரும் கொடுக்கலாம். அவன் வாழ்கிற இடத்து நீதிமன்றம்தான் என்றில்லை, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற இடத்து நீதிமன்றத்திலும் கொடுக்கலாம். மல்லாவியிலிருந்து தப்பி வவுனியாவில் தமக்கை வீட்டில் இருக்கிறாள் என்றால் வவுனியாவிலேயே செய்யலாம். வன்னி மாதிரித் தூரங்கள் உள்ள இடத்துக்கு இது பெரிய விஷயம், ஆனால் சொல்லிக் கொடுக்கிற ஆட்கள் குறைவு.

அவசரம் என்று நீதவான் கண்டால் உடனேயே இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். பிறகு 14 நாட்களுக்குள் விசாரணை. விசாரணைக்குப் பின் கொடுக்கிற பாதுகாப்பு உத்தரவு 12 மாதம் வரை செல்லும். மீறினால் பத்தாயிரம் ரூபா வரை தண்டப்பணம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மனுவில் என்ன கேட்பது என்பதில்தான் அநேகர் கோட்டை விடுகிறார்கள். "அடிக்கக் கூடாது" என்று மட்டும் கேட்டுவிட்டு வருவார்கள். இன்னும் எவ்வளவோ கேட்கலாம். அவன் வீட்டுக்குள் வரக் கூடாது, அவள் வேலை செய்கிற கார்மென்ற்ஸ் வாசலுக்கோ பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ வரக் கூடாது, பின்தொடரக் கூடாது, அவளுக்கு உதவி செய்கிற உறவினரையும் உத்தியோகத்தரையும் தொந்தரவு செய்யக் கூடாது, வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றெல்லாம் தடை கேட்கலாம். உடுப்பு, பத்திரங்கள், பிள்ளைகளின் புத்தகம் எடுக்கப் போகும்போது பொலிஸ் கூட வர வேண்டும் என்று கேட்கலாம். அவசரப் பண உதவி கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். வீட்டுத் திட்ட வீடும் பேமிட் காணியும் அவன் பேரில்தானே என்று அவள் தானாகவே வெளியேற வேண்டும் என்று நினைப்பாள். வீடு யார் பேரில் என்பது வேறு கேள்வி, அந்த வீட்டுக்குள் அவன் வரலாமா என்பது வேறு. இரண்டாவதை முடிவு செய்கிற அதிகாரம் நீதவானுக்கு உண்டு, அவர் அதில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்க இடம் வேண்டும் என்பதையும் பார்ப்பார்.

அடி மட்டும்தான் வன்முறை என்றில்லை, தொடர்ச்சியாகக் கேவலப்படுத்தி மனதைக் கொல்கிற பாரதூரமான நடத்தையும் இந்தச் சட்டத்துக்குள் வரும். புருஷன் மட்டும்தான் என்றும் இல்லை. பிரிந்த புருஷன், எழுதாமல் சேர்ந்து வாழ்ந்தவன், தகப்பன், சகோதரன், மகன் எல்லோரும் வருவார்கள். கசிப்புக்குக் காசு கேட்டுத் தாயை அடிக்கிற மகன்மார் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள், அந்த அம்மாமாருக்கும் இதே உத்தரவு கிடைக்கும். அவர்களிடம் யாரும் இதைச் சொல்வதே இல்லை.

சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவே ஆஜராவார்கள். அடையாள அட்டை, கிராம அலுவலரின் வருமான உறுதிக் கடிதம் கேட்பார்கள். கிராம அலுவலர் அவனுடைய சொந்தக்காரர் என்றால் அந்தக் கடிதத்தை எதற்கு என்று அவரிடம் விளக்க வேண்டியதில்லை, அல்லது பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் மூலம் எடுக்கலாம்.

நூலைப் பிடிக்கிற ஆள்

என் அனுபவத்தில் இதற்குப் பொருத்தமானவர் பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்தான். பொலிஸோடும் ஆஸ்பத்திரியோடும் அவருக்கு ஏற்கனவே தொடர்பு இருக்கும், ஊருக்கு வந்து போவார், மாதர் சங்கக் கூட்டங்களில் அவளைச் சந்திக்க ஒரு சாட்டும் இருக்கும். அவர் சரிவராவிட்டால் உளவளத்துணை உத்தியோகத்தர். யாராக இருந்தாலும் ஒருவர்தான். அவளிடம் "உனக்கு ஆரோட கதைக்க லேசா இருக்கு?" என்று கேட்டு அவளே தெரிவு செய்யட்டும்.

ஒரு பிரதேச செயலகத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றிக் கதைக்கக் கூடிய கூட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி எல்லா உத்தியோகத்தர்களும் தங்கள் தங்கள் கொப்பியை விரித்தார்கள். பொலிஸ் கொப்பியில் மூன்று பிள்ளைகள், சிறுவர் உரிமை உத்தியோகத்தரின் கொப்பியில் இரண்டு. ஒருவர் அவள் தாய் வீட்டில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தார், இன்னொருவர் புருஷனோடு சேர்ந்துவிட்டாள் என்று மூடியிருந்தார். நீதிமன்றத் தவணைத் திகதி யாரிடமும் இல்லை. எல்லோரும் தங்கள் பங்குக்கு வேலை செய்தவர்கள்தான். அரை மணித்தியாலம் ஒன்றாக இருந்து, ஒரே தாளில் எழுதி, ஆளுக்கொரு வேலை என்று பிரித்த பிறகு அந்தப் பெண்ணுக்கு இரண்டு கிழமைக்குள் நடந்தது முந்தைய மாதங்களில் நடந்ததை விடக் கூட. கேஸ் கொன்பரன்ஸ் என்று சொல்கிறார்களே, அது இவ்வளவுதான். அதைக் கூட்டச் சொல்லி நீங்கள் கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டு நடக்காவிட்டால் பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டோம் என்ற முத்திரையை வாங்குங்கள். கடிதத்தில் கதை எழுதத் தேவையில்லை, "இந்தக் குடும்பத்துக்குப் பல அலுவலகங்கள் உதவுகின்றன, சேர்ந்து கதைக்க ஒரு திகதி தாருங்கள்" என்றால் சரி. பெயரைக்கூடக் கடிதத்தில் போடாமல் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் நேரில் சொல்லலாம்.

கூட்டத்துக்கு முன் அவளிடம் இரண்டு கேள்வி. யாருக்கு எதைச் சொல்லலாம்? யாருக்குச் சொல்லவே கூடாது? சிலருக்குப் பொலிஸ் வேண்டும், நீதிமன்றம் வேண்டாம். சிலருக்கு ஆஸ்பத்திரிக்குச் சொன்னது பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது. அவள் அனுமதித்ததற்கு மேல் ஒரு சொல் போனால் மறுபடி அவள் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். பிள்ளைக்கு ஆபத்து, அல்லது உயிராபத்து என்றால் மட்டும் அவளிடம் சொல்லிவிட்டே மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டியிருக்கும், இதை முதல் நாளே அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஒரு தாள், ஒரு ஃபைல்

கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காமல் இருக்க நான் கண்ட நல்ல வழி, அவளுடைய சொல்லிலேயே ஒரு தாளில் எழுதுவது. பெரிய கட்டுரை வேண்டாம். முதல் அடி எப்போது, மோசமான அடி எப்போது, கடைசி அடி எப்போது, யார் கண்டது, எங்கே மருந்து எடுத்தது. திகதி நினைவில்லாவிட்டால் "பொங்கலுக்கு முதல் கிழமை", "சின்னவன் பிறந்து துடக்குக் கழியமுதல்" என்று எழுதினால் போதும், பிறகு கலண்டரைப் பார்த்துச் சேர்க்கலாம். இதில் நாலு பிரதி எடுங்கள். புதிதாக ஒரு உத்தியோகத்தரிடம் போகும்போது முதலில் தாளைக் கொடுக்கட்டும், அவர் வாசித்த பிறகு விடுபட்டதை மட்டும் கேட்பார்.

ஃபைலில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டைப் பிரதி, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரித் துண்டு, முறைப்பாட்டு இலக்கம், பாங்க் புத்தகப் பிரதி, அஸ்வெசும (அரச நலன்புரிப் பணம்) விபரம், காணிப் பத்திரத்தின் பிரதி. 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் நாங்கள், பலருக்குப் பிறப்புச் சான்றிதழ்கூடப் பிறகு எடுத்ததுதான். இல்லாதவர்கள் பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவில் பிரதி எடுக்கலாம். இந்த ஃபைல் அவள் வீட்டில் இருக்கக் கூடாது. நம்பிக்கையான ஒருவரின் அலுமாரியில் இருக்கட்டும். அவளோடு ஒரு சின்னப் பையில் இரண்டு உடுப்பு, பிள்ளைக்கு மருந்து, கொஞ்சக் காசு வைத்திருந்தால் ஓட வேண்டிய இரவில் உதவும். எந்த வீட்டுக்கு முதலில் ஓடுவது, நாய் குரைக்காத பாதை எது, பிள்ளைகளில் யார் யாரைத் தூக்குவது என்பதுவரை பகலிலேயே கதைத்து வைக்க வேண்டும். யானை வருகிற பக்கங்களில் இரவில் காட்டுப் பாதையால் ஓடச் சொல்ல முடியாது, அங்கே பக்கத்து வீட்டோடு ஒரு அடையாளம் பேசி வைப்பதுதான் வழி.

பாதுகாப்பு இல்லம் தேவைப்பட்டால் 1938, பொலிஸ், நட்பு நிலையம், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இந்த வழிகளால்தான் போக வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று ஊரில் விசாரிக்காதீர்கள், தெரிந்தாலும் சொல்லாதீர்கள்.

ஒரு பணிவான வேண்டுகோள், யூடியூப்காரரைக் கூட்டி வராதீர்கள். கஷ்டப்பட்ட பெண்ணுக்கு உதவி எடுத்துக் கொடுக்கிறோம் என்று முகத்தையும் வீட்டையும் பிள்ளைகளையும் காட்டிப் படம் எடுத்துப் போடுகிறார்கள், காசு வரும்தான், ஆனால் அவன் அதைப் பார்த்து அவள் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பான், பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலை நிமிராது. வழக்கு நடக்கிற பெண்ணை அடையாளம் காட்டிப் பிரசுரிப்பதை மேலே சொன்ன அதே சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

பிள்ளைகள்

அடியைப் பார்த்து வளர்கிற பிள்ளையும் பாதிக்கப்பட்ட ஆள்தான். தன்னையறியாமல் சலம் போவது, வகுப்பில் தூங்குவது, சின்னவர்களை அடிப்பது, திடீரென்று பள்ளிக்கு வராமல் விடுவது, இதெல்லாம் ரீச்சர்மார் பார்க்கிற அறிகுறிகள். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். இடம் மாறினால் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விடுகைப் பத்திரம் கேட்டு இழுத்தடிப்பார்கள், அந்த நேரத்தில் வலயக் கல்விப் பணிமனைக்குச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒரு போன் எடுத்தால் வேலை நடக்கும். பாதுகாப்பு உத்தரவில் பள்ளிக்கூடம் சேர்க்கப்பட்டிருந்தால் அதிபருக்கு ஒரு பிரதி கொடுங்கள், இல்லாவிட்டால் தகப்பன் வந்து கேட்டதும் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள்.

பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் விடுங்கோ, நீங்கள் வேலைக்குப் போகலாம் என்று சுலபமாக ஆலோசனை சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தகப்பன் அடித்ததற்குப் பிள்ளை ஏன் தாயைப் பிரிய வேண்டும்? அதற்கு முன் அம்மம்மா, பெரியம்மா, உதவிப்பணம், வாடகை உதவி எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும். "பொலிஸுக்குப் போனால் பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம்" என்ற பயத்தாலேயே வாய் திறக்காத தாய்மார் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

காசு

பலர் திரும்பிப் போவது அன்பால் என்று வெளியில் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரையில் அரிசிக்காகவும் கடனுக்காகவும் போனவர்கள்தான் அதிகம். அவள் பெயரில் நுண்கடன் இருக்கும், எடுத்துச் செலவழித்தது அவனாக இருக்கும், கிழமைக்கொரு நாள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் அவளுடைய வாசலில் வந்து நிற்பார்கள். ஆகவே கேஸ் கொன்பரன்ஸில் கடனையும் சேர்த்துக் கதையுங்கள். கம்பனியோடு தவணை மாற்றக் கதைப்பதற்கு ஒரு உத்தியோகத்தர் கூடப் போனால் தொனி மாறும்.

தாபரிப்புக்கு 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம். அதுவும் நீதவான் நீதிமன்றம்தான், ஆகவே பாதுகாப்பு உத்தரவுக்குப் போகிற அதே சட்டத்தரணி இதையும் போடலாம், இரண்டு தரம் அலையத் தேவையில்லை. யுத்த காலத்தில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து அவசர அவசரமாகக் கட்டிவைத்த கலியாணங்கள் எத்தனையோ, அதில் பல பதியப்படவே இல்லை. எழுத்தில்லை, எனக்கு ஒன்றும் கிடைக்காது என்று அந்தப் பெண்கள் நினைக்கிறார்கள். மனைவி என்ற முறையில் தனக்குக் கேட்பது கஷ்டமாக இருக்கலாம், ஆனால் பிள்ளைகளுக்குத் தகப்பன் தாபரிப்புக் கொடுக்க விவாகப் பதிவு தேவையில்லை. கட்டளை வந்த பிறகு கட்டாவிட்டால் நீதிமன்றத்துக்கு அறிவித்தால் பிடியாணை வரும். அஸ்வெசும அவன் பெயரிலான கணக்குக்குப் போகிறதா என்றும் பாருங்கள், பிரிந்து இருக்கிறாள் என்று பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவித்து மாற்றக் கேட்க வேண்டும்.

அவனை என்ன செய்வது

யுத்தத்தில் அனுபவித்தது, தடுப்பில் இருந்தது, வேலையில்லாதது, குடி. இவை எல்லாம் உண்மையான காயங்கள், அவற்றுக்கு வைத்தியமும் வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரி உளநலப் பிரிவில் குடியை விடுவிக்கிற சிகிச்சையும் ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் அதே காயங்களோடு அடிக்காமல் வாழ்கிற ஆண்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவனுக்கு வைத்தியம் நடக்கட்டும், அவளுடைய பாதுகாப்பு உத்தரவு அது முடியும்வரை காத்திருக்கக் கூடாது. அவனுக்கும் அவளுக்கும் ஒரே அறையில் ஒன்றாக ஆலோசனை செய்யவும் கூடாது, அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். அவனோடு கதைக்கிற ஆள் வேறு, அவளோடு கதைக்கிற ஆள் வேறாக இருக்கட்டும்.

உத்தரவு வந்த பிறகு

இங்கேதான் எல்லோரும் கையை விடுகிறார்கள். உத்தரவின் பிரதி அவளிடம் ஒன்று, நூலைப் பிடிக்கிற உத்தியோகத்தரிடம் ஒன்று, அவள் இருக்கிற இடத்துப் பொலிஸில் ஒன்று இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அவன் "சும்மா பிள்ளையைப் பார்க்க" வந்தாலும், வேறு இலக்கத்திலிருந்து செய்தி போட்டாலும் திகதியோடு குறித்து வையுங்கள், செய்தியை அழிக்காமல் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்பி வையுங்கள். முதல் மூன்று மாதமும் நூலைப் பிடிக்கிற ஆள் கிழமைக்கு ஒரு தரமாவது அவளோடு கதைக்க வேண்டும், நேரில் முடியாவிட்டால் போனில், அவன் பக்கத்தில் நின்றால் சொல்ல வேண்டிய சொல் ஒன்றை முன்பே பேசி வைத்துக்கொண்டு. "விதை நெல் வந்திட்டுதோ அக்கா" என்று அவள் கேட்டால் ஆள் வந்து நிற்கிறான் என்று அர்த்தம், நீங்கள் அடுத்த நிமிடம் 119 க்கு எடுக்க வேண்டும்.

அப்புறம், உத்தரவு முடிகிற திகதியை ஃபைலின் வெளி மட்டையில் பெரிதாக எழுதுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே அவளோடு இருந்து கதைத்து, பயம் இன்னும் இருக்கிறது என்றால் நீடிக்கச் சொல்லியோ புதிதாகவோ மனுப் போட சட்ட உதவி ஆணைக்குழுவில் திகதி எடுங்கள். நீதிமன்றம் தானாக ஞாபகப்படுத்தாது.